தீவுகளில் வரைபடம் கற்பித்த ஆறு வருடம்: கியூஜிஐஎஸ், கியூஃபீல்டு அனுபவம்

ஆறு வருடமாகத் தீவுப் பள்ளிகளிலும் மீனவர் குழுக்களிலும் வரைபட வகுப்பு எடுக்கிறேன். மேசையில் கம்ப்யூட்டரில் வரைபடம் செய்யும் கியூஜிஐஎஸ், கையில் அதன் போன் துணையான கியூஃபீல்டு. இரண்டும் இலவசம், திறமூல மென்பொருள். முதல் மாதத்திலேயே எழுதியிருந்தால் வெறும் பாராட்டாக இருந்திருக்கும். இப்போது எங்கே இடறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடியும்.

கம்ப்யூட்டரில் தயார் செய்த வரைபடத்தைப் போனில் ஏற்றிவிட்டால் கியூஃபீல்டு இணையம் இல்லாமலே வேலை செய்கிறது. சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் இது பெரிய வசதி. கிணறு, குடிநீர்த் தொட்டி, அரித்துப்போன கரை என்று மாணவர்கள் நடந்தே புள்ளி வைத்துப் படமும் சேர்ப்பார்கள். தொல்லை மாலையில்தான் வரும். பத்துப் போனில் பத்துப் பிரதி இருக்கும், ஒன்றாக்கும்போது வரிசை எண்கள் மோதிக்கொள்ளும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளமாக ஒரு யூயூஐடி, அதாவது இன்னொன்றோடு மோதாத நீளமான குறியீடு, தானாக உருவாகும்படி படிவத்தை முதலிலேயே அமைத்துவிடுங்கள்.

அப்புறம், தரவைச் சேமிக்க ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வகை வேண்டாம். அதில் அட்டவணைப் பத்தியின் (காலம்) பெயர் 10 எழுத்துக்கு மேல் போகாது, தமிழில் எழுதினால் அதற்கும் முன்பே வெட்டுப்படும். ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வகையில் இந்தச் சிக்கல் இல்லை. பெயர்கள் முழுசாக நிற்பது எனக்கு முக்கியம். ஒரு படகுத் துறைக்கோ பாருக்கோ (கடலடிப் பாறைத் திட்டு) மீனவர்கள் வைத்த பெயரிலேயே அங்கே நீரோட்டம் எப்படி என்பது பல சமயம் இருக்கும்.

இனி உயரம். நான் அதிகம் தவறியது இதில்தான்.

இரண்டாம் வருடம், கடல் ஒரு மீட்டர் உயர்ந்தால் எந்தெந்த இடம் மூழ்கும் என்று பயிற்சி கொடுத்தேன். 2000-ல் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை இறக்கி, கட்டம் கட்டமான தரவைக் கணக்கிடும் ராஸ்டர் கால்குலேட்டரில் ஒரே வரி எழுதினோம். அழகான நீல வரைபடம் வந்தது. அதில் ஒரு தென்னந்தோப்பு பத்திரமான மேடாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த முதிய மீனவர் ஒருவர், "தம்பி, தண்ணி முதல்ல ஏறுறதே அந்தத் தோப்புலதான்" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. ரேடார் அளந்தது தரையை அல்ல, பெரும்பாலும் தென்னையின் தலையை. மரமில்லாத இடத்திலும் அந்தத் தரவில் சில மீட்டர் பிழை இருக்கும். மாலத்தீவில் இயற்கையாக அமைந்த மிக உயரமான இடமே சுமார் 2.4 மீட்டர்தான். அப்படிப்பட்ட நிலத்தில் ஒரு மீட்டர் கேள்விக்கு இந்தத் தரவிடம் பதில் கிடையாது. அந்த வரைபடத்தை நம்பி யாராவது புயலுக்கு ஒதுங்கும் இடம் குறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்றும் மனதை உறுத்துகிறது.

போன் காட்டும் உயரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஜிபிஎஸ் பூமியை வழுவழுப்பான ஒரு கோளமாக, துருவங்களில் சற்றுத் தட்டையாக வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. உண்மையான கடல்மட்டம் அதிலிருந்து இடத்துக்கு இடம் விலகும். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இந்த விலகல் 100 மீட்டரையும் தாண்டுகிறது. திருத்தாமல் விட்டால், கரையில் நிற்பவரைக் கடலுக்கு அடியில் காட்டும். கியூஃபீல்டில் இதற்கான திருத்தக் கோப்பைச் சேர்க்க முடியும். சேர்த்தாலும் சாதாரணப் போனின் ஜிபிஎஸ் சென்டிமீட்டர் கணக்குக்கு உதவாது.

அதனால் இப்போது என் முதல் வகுப்பில் மென்பொருளே கிடையாது. பௌர்ணமி ஓதத்தில் நீர் ஏறி நின்ற இடத்தில் குச்சி நடுவோம். அங்கிருந்து கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) தெரு, கிணற்றடி, பள்ளிவாசல்படி என்று மட்டம் பிடித்துக்கொண்டே போவோம். அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கியூஜிஐஎஸ்ஸைத் திறக்கும் மாணவர் திரையில் வருவதை எளிதில் நம்பிவிடுவதில்லை.

செயற்கைக்கோள் படத்துக்கு ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் தரும் இலவசப் படங்கள் போதும், ஆனால் அளவோடு. அவற்றின் ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டர், வருடத்துக்கு இரண்டு மீட்டர் கரை போவதை அடுத்தடுத்த வருடப் படங்களில் பிடிக்க முடியாது. அலையாத்திக் காடு விரிவதையும் சுருங்குவதையும் நன்றாகக் காட்டும். மலைத்தீவுகளின் தலையில் மேகம் உட்கார்ந்தே இருக்கும் என்பதால், பல மாதப் படங்களைச் சேர்த்து ஒவ்வொரு பிக்சலுக்கும் இடைநிலை மதிப்பு (மீடியன்) எடுப்பதுதான் வழி. பசிபிக் தரவில் இன்னொரு குழப்பம் உண்டு. 180 டிகிரி கோடு ஃபிஜியை வெட்டுவதால் பாதித் தீவுகள் திரையின் இடக்கோடிக்கும் மீதி வலக்கோடிக்கும் போய்விடும். இபிஎஸ்ஜி 3832 என்ற குறியீட்டு எண் கொண்டது போலப் பசிபிக்கை நடுவில் வைக்கும் புரொஜெக்ஷனை (உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் முறை) தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்தால் சேர்ந்து நிற்கும்.

எந்த மென்பொருள் என்று யாராவது கேட்டால் இன்றும் கியூஜிஐஎஸ், கியூஃபீல்டு இரண்டையும்தான் சொல்வேன், முக்கியமாகக் கியூஜிஐஎஸ்ஸின் அட்லஸ் வசதிக்காக. ஊரைச் சதுரங்களாகப் பிரித்து ஒரே முறையில் எல்லாத் தாளையும் அச்சிட்டுவிடலாம். புயலில் மின்சாரமும் டவரும் போன பிறகு பயன்படுவது தாள்தான். ஒவ்வொரு புயல் பருவத்துக்கும் முன்பு புதிதாக அச்சிடுகிறோம், பழைய தாள்களில் ஊர்க்காரர்கள் பேனாவால் திருத்தி வைத்ததையெல்லாம் முதலில் ஏற்றிவிட்டு.