ஸ்லோ பிட்ச் சாஃப்ட்பால்: உயரமா, தாழ்வா, சுழலா?

பேஸ்பாலின் உறவான சாஃப்ட்பாலில், பந்தை மெதுவாகப் போட்டு ஆடும் வகைதான் ஸ்லோ பிட்ச். இதில் வேகத்தைக் காட்டி யாரையும் மிரட்ட முடியாது. கையைத் தாழ்த்தி, பந்தை வளைவாகத் தூக்கிப் போட வேண்டும். 50 அடிக்கு அப்பால் நிற்கும் பேட்டர் அது ஏறுவதையும் இறங்குவதையும் ஆற அமரப் பார்ப்பார். அமெரிக்காவின் பல லீக்குகளில் பந்து குறைந்தது 6 அடி எழும்ப வேண்டும். 10 அல்லது 12 அடியைத் தாண்டக் கூடாது. பந்து போடும் பிட்சரின் பிழைப்பு இந்த இடைவெளிக்குள்தான்.

முதலில் உயரமா, தாழ்வா? காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 அடி எழும்பும் பந்து பிளேட்டுக்கு (பேட்டர் நிற்குமிடத்தில் தரையில் பதித்த தகடு) வர ஏறக்குறைய ஒன்றரை வினாடி ஆகிறது. இறங்கும் கோணம் 40 டிகிரியை ஒட்டி. 6 அடிப் பந்து ஒரு வினாடிக்குள் வந்துவிடும், கோணம் 20 டிகிரிகூட இல்லை. தாழ்ந்த பந்து மட்டை சுழலும் பாதையோடு சேர்ந்தே வருவதால், பேட்டர் கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் அடி விழும். உயரப் பந்து அந்தப் பாதையை வெட்டிக்கொண்டு இறங்கும். நேரம் தப்பினால் தரையில் உருளும், அல்லது தலைக்கு மேலே கிளம்பும். தாழ்ந்ததை எப்போதாவது ஒன்று, பேட்டரை அவசரப்படுத்த மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சுழற்சியில்தான் சண்டை. டாப் ஸ்பின் (முன்னோக்கி உருளும் சுழற்சி) பந்து சட்டென்று குத்தி இறங்கும், பார்க்க அழகு. ஆனால் மட்டை அதன் அடிப்பாகத்தில் பட்டுத் திரும்பும்போது, அதே சுழற்சி பேக்ஸ்பின்னாக (பின்னோக்கிய சுழற்சி) மாறிப் பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். பேட்டருக்கு நாமே கொடுக்கும் சீதனம்! பேக்ஸ்பின் போட்டால் அந்தச் சுழற்சியை மட்டை முதலில் திருப்பியாக வேண்டும். மெதுவான பந்தில் இந்த வித்தியாசம் சிறிதுதான். எனக்கு பேக்ஸ்பின் பிடிக்க வேறு காரணம் உண்டு: பந்து கொஞ்சம் மிதந்து, எதிர்பார்த்ததைவிட ஆழமாக விழும். பிளேட்டுக்குப் பின்னால் மேட் விரித்து ஆடும் லீக்குகளில், மேட்டின் பின்விளிம்பில் விழும் உயரப் பந்து பேட்டரைக் கடக்கும்போது இடுப்பளவில் இருக்கும். பிளேட்டின் முன்விளிம்பில் விழுவதோ காலடிக்கு வந்துவிடும். இரண்டும் ஸ்டிரைக், அதாவது பிட்சருக்குச் சாதகமாக எண்ணப்படும் பந்து. சுழற்சியை மாற்றாமல் இந்த ஆழத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டாலே பாதி பேட்டர்கள் குழம்புவார்கள்.

நக்கிள்பால்? விரல் நுனிகளால் பிடித்து, சுழலவே விடாமல் தள்ளுவது. தையல் எந்தப் பக்கம் காற்றைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப பந்து தள்ளாடும். பேட்டர் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாளில் அற்புதம். ஆனால் அதே காற்று அடிபட்ட பந்தையும் வெளியே சுமந்துபோகும். அதைவிட, எங்கே விழும் என்பது போட்டவருக்கே தெரியாது. வாக் (ஸ்டிரைக் ஆகாத பந்துகளால் பேட்டர் அடிக்காமலே முதல் தளத்துக்குப் போவது) கொடுத்துக் கொடுத்தே ஆட்டத்தைத் தோற்கலாம். பயிற்சியில் விளையாடிப் பார்க்க நல்லது.

தாழ்ந்த பந்தின் மேல் எனக்கு இன்னொரு புகாரும் உண்டு. அது நேராகப் பட்டால் நேராகவே பிட்சரிடம் திரும்பும். மணிக்கு 98 மைல் வேகத்தில் கிளம்பும் பந்து 50 அடியைக் கடக்க 0.35 வினாடி போதும். உயரமாகப் போட்டால், பந்து இறங்குவதற்குள் இரண்டு எட்டு பின்னால் போய்க் கையுறையைத் தூக்கிக்கொள்ளலாம்.