ஸ்கோடா குஷாக்: கூடு கெட்டிதான், ஏர்பேக்கையும் பாருங்கள்

பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து இடித்தால் நமக்கும் அதற்கும் நடுவே இருப்பது ஒரு சாண் இடம்தான், முன்பக்கம் மாதிரி நசுங்கிக்கொடுக்க பானட் எல்லாம் கிடையாது; அதனால் நடுத்தூணும் கதவுக்குள் இருக்கும் குறுக்குக் கம்பியும் படிக்குக் கீழே ஓடும் சட்டமும் சேர்ந்து நின்று அடியைக் கூரைக்கும் தரைக்கும் பிரித்து அனுப்பியாக வேண்டும். இதில் குஷாக்கைச் சும்மா சொல்லக் கூடாது. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் 2022 சோதனையில் பெரியவர், குழந்தை இரண்டுக்கும் 5 நட்சத்திரம், வண்டியின் உடற்கூடும் நிலையானது என்று தீர்ப்பு. மேடுபள்ளத்தில் கோணலாக ஏறி இறங்கினாலும் உள்ளே கிரீச் சத்தம் இல்லை.

ஆனால் கம்பத்தில் பக்கவாட்டாக மோதினால் தலையைக் காப்பது ஜன்னல் ஓரம் திரை மாதிரி விரியும் கர்ட்டன் ஏர்பேக். பழைய கீழ்நிலை வேரியண்ட்களில் அது கிடையாது. 2024இல்தான் எல்லாவற்றுக்கும் 6 ஏர்பேக் வந்தது. செகண்ட் ஹேண்டில் எடுக்கிறவர்கள் வேரியண்டைப் பார்த்து எடுங்கள்.