காற்றா, வெயிலா?

கதை ஒன்றுக்காக ஓர் இயந்திர இனத்தைக் கொங்கு நாட்டில் குடிவைத்திருக்கிறேன். அவர்களுக்குச் சோறு மின்சாரம்தான். அதை வெயிலில் எடுப்பதா, காற்றில் எடுப்பதா?

வெயில் என்றால் சிக்கலில்லை; காங்கேயம் பக்கம் அதற்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் பொழுது சாய்ந்ததும் எல்லாரும் அணைந்துவிடுவார்கள். திண்ணைப் பேச்சே இருக்காது.

எனக்குக் காற்றுதான் பிடிக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை உடுமலைப் பக்கம் வீசித் தள்ளும். கல்யாணம், விருந்து எல்லாம் அப்போதுதான். (நம் ஆட்கள் ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அது வேறு கதை.) அப்புறம் மார்கழியில் இழுபறி. கிழவி ஒருத்தி முழங்கை மூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விட்டுக்கொண்டே, "ஏனுங்க, கொஞ்சம் சார்ஜ் இருக்குமுங்களா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பாள், உறைமோர் கேட்கிற மாதிரி.