ஒரே வாசலா, இரண்டு வாசலா: இந்தியாவுக்குப் பக்கத்தில் பூட்டானும் நேபாளமும்

ஏற்காட்டுக்கு ஏற இரண்டு வழிகள் உண்டு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவது ஒன்று. குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு வருவது இன்னொன்று. முதல் வழியில் மண் சரிந்தால் காப்பி மூட்டை, அரிசி, கேஸ் சிலிண்டர் எல்லாம் குப்பனூர் பக்கம் திரும்பும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண்ணும் பாறையும் விழுந்து கிடந்த நாட்களில், சிறு காப்பித் தோட்டம் வைத்திருக்கும் எனக்கு வழி என்பதன் அருமை நன்றாகப் புரிந்தது. அப்போதுதான் இங்குள்ள ஒரு விடுதியில் சமையல் செய்யும் நேபாள இளைஞரிடம் அவருடைய ஊரைப் பற்றி விரிவாகக் கேட்டேன்.

அவர் ஊர் தாதிங் மாவட்டம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் வீடு இடிந்துவிட்டது. தகரக் கொட்டகையில் அம்மாவோடு இருந்தார்கள். செப்டம்பரில் நேபாளம் புதிய அரசியல் சாசனத்தை அறிவித்ததும், அதில் தங்களுக்கு உரிய பங்கு இல்லை என்று தெற்குச் சமவெளியின் மாதேசி மக்கள் போராடினார்கள். எல்லையில் லாரிகள் நின்றன. போராட்டத்தால்தான் லாரிகள் போகவில்லை என்றது இந்தியா. அறிவிக்கப்படாத முற்றுகை என்றது நேபாளம். பெட்ரோலும் கேஸும் முழுக்க இந்தியாவிலிருந்து வந்த நாடு அது. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு கிடைத்த சிலிண்டரிலும் பாதிதான் கேஸ் இருந்தது. "அதைத் தூக்கியபோதே தெரிந்துவிட்டது சார், கை மேலே போய்விட்டது" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பல கட்டுரைகளைவிட அதிகம் சொன்னது.

பூட்டானுக்கும் இதே சிலிண்டரில் ஒரு கதை உண்டு. அதன் பிரதமர் ஜிக்மி தின்லே 2012இல் ரியோவில் சீனப் பிரதமரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு ஜூலையில், பூட்டான் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தியா கொடுத்துவந்த மானியம் நின்றது. விலை ஏறியது, தின்லேயின் கட்சி தோற்றது, சில வாரங்களில் மானியம் திரும்பி வந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்ததுதான் காரணம் என்று விளக்கம் சொல்லப்பட்டது. பூட்டானில் பலர் அதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

ஆக, இந்தியாவை ஒட்டி நின்ற பூட்டானின் அடுப்பும் அணைந்தது, விலகி நின்ற நேபாளத்தின் அடுப்பும் அணைந்தது. பிறகு எதை வைத்து இரண்டையும் ஒப்பிடுவது? அடுப்பு அணைந்த பிறகு அவர்கள் கையில் என்ன மிஞ்சியது என்பதை வைத்துத்தான்.

பூட்டான் ஒரே வாசலைத் தேர்ந்தெடுத்தது. 1949 ஒப்பந்தத்தில் வெளியுறவில் இந்தியாவின் ஆலோசனைப்படி நடப்பதாக ஒப்புக்கொண்டது. அந்த வாசகம் 2007இல்தான் நீங்கியது. இன்றும் சீனாவோடு அதற்குத் தூதரக உறவு இல்லை. அதன் நாணயமான நுல்ட்ரம் இந்திய ரூபாய்க்குச் சமம். இவ்வளவு விட்டுக்கொடுத்து என்ன வாங்கியது? ஆற்றை விற்கும் உரிமையை வாங்கியது என்பேன். சுக்கா நீர்மின் நிலையத்துக்கு 1974இல் கையெழுத்தானது. 336 மெகாவாட். செலவில் 60 விழுக்காடு இந்தியாவின் கொடை, மீதி கடன். மிஞ்சும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இந்தியா முன்பே ஒப்புக்கொண்டது. அதன் பின் 1,020 மெகாவாட் தாலா, 720 மெகாவாட் மாங்தேச்சு. ஏழெட்டு லட்சம் பேர் வாழும் நாடு, 2023 டிசம்பரில் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேறியதில் இந்த ஆறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

விலையும் இல்லாமல் இல்லை. பின்னால் வந்த திட்டங்களில் கொடை குறைந்து கடன் கூடியது. மாங்தேச்சுவுக்கு 70 விழுக்காடு கடன். 1,200 மெகாவாட் புனாட்சாங்சு முதல் திட்டம் மலைச்சரிவு நகர்ந்ததால் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இவை மேட்டூர்போல 120 அடிக்குத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் அணைகளும் அல்ல. ஓடும் ஆற்றை அப்படியே சுழலிக்குத் திருப்புபவை. குளிர்காலத்தில் ஆறு மெலிந்தால், கோடையில் விற்றவர்களிடமே மின்சாரம் வாங்க வேண்டும்.

நேபாளத்தின் கணக்கு வேறு. மூன்று கோடி மக்கள், வடக்கே சீனா, தெற்கே இந்தியா. இந்தியாவோடு செய்த 1950 ஒப்பந்தத்தால் விசா இல்லாமல் இங்கே வந்து வேலை செய்ய முடிகிறது. எங்கள் சமையல்காரரும் அப்படி வந்தவர்தான். 1989லும் எல்லை வாசல்கள் மூடப்பட்டன. இரண்டு முறை பட்டவர்கள் இன்னொரு வாசல் தேடியதை நான் குறை சொல்ல மாட்டேன். 2016இல் சீனாவோடு போக்குவரத்து ஒப்பந்தம், 2019இல் நான்கு சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்தும் அனுமதி. ஆனால் நேபாளத்தின் தெற்கு எல்லை நகரமான பீர்கஞ்சிலிருந்து கொல்கத்தா சுமார் 700 கிலோமீட்டர். சீனத் துறைமுகங்களோ 3,000 கிலோமீட்டருக்கும் மேல், நடுவே இமயம். சீனாவுக்குப் போகும் தாதோபானி எல்லை வாசல் நிலநடுக்கத்துக்குப் பின் 2019 வரை மூடிக் கிடந்தது. 2025 ஜூலையில், சீன எல்லையின் இன்னொரு வாசலான ரசுவாகடியின் நட்புப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. எங்கள் குப்பனூர் வழி லாரி போகும் வழி. நேபாளத்தின் வடக்கு வழி இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

சேலத்து ஜவ்வரிசி வியாபாரிக்கும் பக்கத்தில் கடல் கிடையாது. ஆனால் சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ லாரி ஏற்ற அவர் எந்த நாட்டின் தயவையும் கேட்க வேண்டியதில்லை. காத்மாண்டு வியாபாரிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அதனால் வடக்கு வாசலைப் பேரம் பேசும் பலமாக வைத்துக்கொள்வது சரி, பிழைப்புக்கு அதை நம்புவது தவறு என்பது என் முடிவு. முற்றுகைக்குப் பின் நேபாளத்துக்குக் கிடைத்த உருப்படியான பயன்களும் தெற்கிலிருந்தே வந்தன. 2019இல் பீகாரின் மோத்திஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய். 2024 ஜனவரியில், பத்தாண்டுகளில் 10,000 மெகாவாட் வாங்கிக்கொள்ள இந்தியாவின் ஒப்பந்தம். அதே ஆண்டு நவம்பரில் இந்தியக் கம்பி வழியாக வங்கதேசத்துக்கு 40 மெகாவாட். சீனப் பங்கு உள்ள நிலையத்தின் மின்சாரத்தை வாங்குவதில்லை என்று இந்தியா பிடிவாதமாக இருப்பது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஆறு நேபாளத்தினுடையது, அணையை யார் கட்ட வேண்டும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பூட்டான் 1974இல் பிடித்த நூலை நேபாளம் ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பிடித்திருக்கிறது. இந்தியாவோடு செய்த 1954 கோசி, 1959 கண்டகி ஆற்று ஒப்பந்தங்களில் ஏமாந்தோம் என்ற மனக்கசப்பும், 1996 மகாகாளி ஒப்பந்தத்தின் பஞ்சேஸ்வர் அணை இன்னும் எழாததும் அந்தத் தாமதத்துக்குக் காரணங்கள். அவற்றில் இந்தியாவின் பங்கும் சிறியதல்ல.

முற்றுகை நாட்களில் மின்னடுப்பு வாங்கியவர்களும் அவதிப்பட்டார்கள், அப்போது அங்கே மணிக்கணக்கில் மின்வெட்டு. இப்போது அந்த மின்வெட்டு இல்லை. போன தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் போன நம் சமையல்காரர் அம்மாவுக்கு ஒரு மின்னடுப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அம்மா தினமும் அதில்தான் சோறு வடிக்கிறாராம். நிரப்பிய சிலிண்டர் ஒன்றையும் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாராம்.