ஜீரோ ஏ.டி. விளையாட்டின் கிரேக்கப் பெயர்கள்: தமிழில் எழுதிப் பார்த்த அனுபவம்

பழங்காலப் படைகளை வைத்து ஆடும் கணினி விளையாட்டான ஜீரோ ஏ.டி.யைப் புதிதாக இறக்கிய நண்பன் ஒருவன், "இந்த கிரேக்கப் பேரையெல்லாம் எப்படிடா சொல்றது, தமிழ்ல ஒரு பட்டியல் போட்டுக் கொடு" என்று கேட்டான். விளையாட்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, இலவசம், தன்னார்வலர்கள் செய்தது, எல்லோருக்கும் தெரியும். நான் இதை இன்னும் விடாமல் ஆடுவதற்குக் காரணமே அந்தப் பெயர்கள்தான். மற்ற விளையாட்டுகளில் ஹாப்லைட் (கேடயமும் ஈட்டியும் ஏந்திய காலாள்), ட்ரைரீம் (துடுப்புப் போர்க்கப்பல்) என்று ஆங்கில வாய்க்கு ஏற்றபடி வெட்டித் தருவார்கள். இதில் ஆங்கில எழுத்தில் இருந்தாலும் கிரேக்கப் பெயர் முழுசாக இருக்கிறது, நெடிலுக்குத் தலையில் ஒரு கோடு, சுரம் ஏறும் இடத்தில் ஒரு சாய்கோடு.

அந்த நெடில் கோட்டை ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். நமக்கோ அது உயிர். கிரேக்கத்தில் எ, ஏ இரண்டுக்கும் தனித்தனி எழுத்து, ஒ, ஓ இரண்டுக்கும் அப்படியே. அதனால் ஊர் நடுச் சதுக்கத்தை அகொரா என்று நடுவில் குறில் வைத்துச் சரியாக எழுத முடிகிறது, அகோரா இல்லை. கப்பல் த்ரியேரேஸ். குதிரைவீரன் ஹிப்பெவுஸ், அந்த ப்ப கிரேக்கத்திலும் இரட்டைதான். இன்றைய கிரேக்கர்கள் இந்த ஏ-யை ஈ என்று சொல்கிறார்கள், ஆனால் கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் நாடகக் கவிஞர் ஒருவர் ஆடு கத்துவதை எழுதி வைத்திருக்கிறார், இன்றைய உச்சரிப்பில் படித்தால் அது "வீ வீ", பழைய உச்சரிப்பில் "பே பே". ஆடு எந்தக் காலத்தில் வீ என்று கத்தியது? நம் ஊர் "மே"வுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

உயிரெழுத்து வரைக்கும் இப்படி ஆனந்தம். வல்லினம் வந்ததும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆட்டம் தொடங்கியதும் கட்டுகிற கிடங்குக்கு ஒரு பெயர் உண்டு, அதைத் தமிழில் அபொதேகே என்று எழுதினால் ப, த, க மூன்றும் இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டி மெலிந்து ஒலிக்கும். கிரேக்கத்தில் மூன்றும் வல்லோசை, அதிலும் நடுவில் வருவது காற்றோடு சேர்ந்த த. சரி, அழுத்திவிடலாம் என்று அப்பொத்தேக்கே போட்டால் ஒற்று கூடிவிடுகிறது. குறிலோடு ஒற்று சேர்ந்தால் அசை கனமாகும் கணக்கு கிரேக்கச் செய்யுளிலும் உண்டு, ஆகவே அது சின்னப் பிசகு இல்லை, சொல்லின் நடையே மாறிப்போகிறது. ட போடுவது இன்னும் மோசம், அது ஆங்கிலத்தின் வழியாக வந்த பழக்கம், கிரேக்கர்களுடையது பல்லில் பட்ட த.

வழி இல்லாமல் இல்லை. சுலோகப் புத்தகங்களில் போடுகிற மாதிரி எழுத்தின் மேல் சின்ன எண் போடலாம். அபொதே²கே. குறியில்லாதது வல்லோசை, 2 என்றால் காற்றோடு, 3 என்றால் மெல்லோசை. கணக்குப்படி இதில் குறையே கிடையாது, ஃபாலன்க்ஸ் என்று நாம் சொல்லும் படையணி கூட ப²லங்க்ஸ் என்று அழகாக உட்காரும், அந்த ங் ஒலிக்குக் கிரேக்கர்கள் மெல்லோசைக் க-வின் (க³) எழுத்தையே போட்டுச் சமாளித்தார்கள், நமக்குத் தனி எழுத்தே இருக்கிறது. ஆனால் இது படை எண்ணிக்கையோடு பேசுகிற விளையாட்டு. "10 ஹொப்லீதேஸ், 2 த்ரியேரேஸ்" என்று அவசரமாக அடிக்கும் இடத்தில் பெயருக்குள்ளும் எண் நுழைந்தால் யார் நின்று படிப்பார்கள்?

சுர ஏற்ற இறக்கத்தை நான் தொடவே இல்லை, அது பாட்டு கற்பதற்குச் சமமான வேலை.

கிரேக்க நெடிலுக்கும் குறிலுக்கும் இவ்வளவு பொருந்துகிற எழுத்து நம்முடையது. அப்படியிருந்தும் நண்பனுக்கு நான் அனுப்பப்போவது விளையாட்டில் உள்ள அதே ஆங்கில எழுத்துப் பட்டியல்தான், தலைக்கோடுகளோடு. எங்கே ஏ, எங்கே எ என்பதை ஆடும்போது வாயால் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறேன்.