கார் சாக்கையில், பெட்டி சங்குமுகத்தில்: லேயிலிருந்து நாகர்கோவில் வரை

லேயில் விமானம் ஏறி, டெல்லியில் மாறி, திருவனந்தபுரத்தில் இறங்கி நாகர்கோவில் வந்து சேரும் பயணம் இது. இமயமலை ஒரு தொந்தரவும் தரவில்லை. மாட்டிக்கொண்டது திருவனந்தபுரத்தில், ஓடுபாதைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில். வந்து இறங்கிய வயசானவர்கள் பெட்டிகளோடு விமான நிலையத்தின் கடற்கரைப் பக்கமான சங்குமுகத்தில் நிற்கிறார்கள், நாகர்கோவிலிலிருந்து வந்த கார் ஓடுபாதைக்கு மறுபக்கம் சாக்கையில் நிற்கிறது. பார்க்கிங்கிலிருந்து வெளியே எடுத்து, சுற்றி, இந்தப் பக்கம் வந்து சேர முக்கால் மணி நேரம். அதற்குள் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

டிரைவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் "ஏர்போர்ட் ஓட்டம்" என்றாலே கல்ஃப்காரர்தான். 2011-ல் சாக்கைப் பக்கம் புது சர்வதேச முனையம் திறந்ததிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் வண்டியெல்லாம் பைபாஸில் நேரே போய் அங்கேதான் நிற்கும். அதற்கு முன்னால் எல்லாமே சங்குமுகம்தான். ஒரு வேன் நிறைய ஆள் வந்து, கயிறு கட்டின பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, கடற்கரையில் ஒரு சாயா குடித்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவோம். இன்றைக்கு அந்தக் கடற்கரைப் பக்கம் இருப்பது டெர்மினல் 1, உள்நாட்டு விமானங்களுக்கு. சாக்கைப் பக்கம் டெர்மினல் 2. நடுவில் 3 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஓடுபாதை. நடந்து போக வழியே கிடையாது, வண்டி பிடித்துத்தான் போகணும்.

துபாயிலும் டெர்மினல் 2 ஓடுபாதைக்கு மறுபக்கம்தான் இருக்கிறது. ஆனால் அங்கே டாக்ஸிக்காரர் முதல் கேள்வியாகவே நம்பரைக் கேட்பார். நம்ம பக்கத்தில் நம்பர் யார் வாயிலும் வராது, இடப்பெயர்தான் வரும். அதனால் டிரைவருக்கு "டெர்மினல் 1" என்று மட்டும் அனுப்பினால் போதாது. "சங்குமுகம், கடற்கரைப் பக்கம், உள்நாட்டு விமானம், சாக்கை இல்லை" என்று தமிழில் அனுப்புங்கள். அதற்கு முன் டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் டெர்மினல் எண்ணைப் பாருங்கள். உள்நாட்டு விமானம் என்பதை வைத்து ஊகிக்காதீர்கள், முனைய மாற்றங்கள் நடப்பதுண்டு. டெல்லியில் ஏறும் முன் ஒரு தடவை போன் பண்ணி, அவர் வாயாலேயே "சங்குமுகம்" என்று சொல்ல வையுங்கள்.

இந்தத் தடவை அந்தச் செய்தி போகாததற்குக் காரணம் சிம். விடுமுறைக்கு வந்ததும் ஊரில் வாங்கிப் போடுகிற ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. ஜம்மு காஷ்மீரிலும் அப்படியே. வெளி மாநிலத்து எண் என்றால் போஸ்ட்பெய்டு மட்டும்தான் எடுக்கும். வங்கி ஓ.டி.பி. வராது, விமானம் தாமதம் என்ற குறுஞ்செய்தியும் டெல்லியில் இறங்கிய பிறகுதான் மொத்தமாக வந்து விழும். வீட்டில் யாராவது ஒருத்தருடைய போஸ்ட்பெய்டு எண்ணை டிக்கெட்டில் கொடுங்கள். தங்கும் விடுதி வைஃபையிலிருந்து காருக்கான செய்தியை முந்தின ராத்திரியே அனுப்பிவிடுங்கள்.

இனி டிக்கெட் எடுப்பது. லே விமான நிலையம் 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று லேசு, இறக்கைக்குத் தூக்கும் பலமும் என்ஜினுக்குத் தள்ளும் பலமும் குறையும். வெயில் ஏற ஏற காற்று இன்னும் லேசாகும், மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று வீச்சும் கூடும். அதனால்தான் பெரும்பாலான விமானங்கள் விடியற்காலையிலிருந்து மத்தியானத்துக்குள் முடிந்துவிடுகின்றன. காலையில் மேகம் இறங்கி நின்றால் அன்றைய நாள் பெரும்பாலும் போச்சு. ஆகவே லே–டெல்லி ஒரு டிக்கெட், டெல்லி–திருவனந்தபுரம் தனி டிக்கெட் என்று மலிவு பார்த்து எடுக்காதீர்கள். ஒரே பி.என்.ஆரில் இருந்தால் முதல் விமானம் ரத்தானாலும் மிச்சப் பயணத்துக்கு வழி பண்ணுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி என்றால் இரண்டாவது விமானத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். லே விமானத்துக்கு மாற்று விமானமோ முழுப் பணமோ கிடைக்கும். வானிலை காரணம் என்பதால் நஷ்ட ஈடு கிடையாது. தவறவிட்ட டிக்கெட்டிலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தரணும் என்பது விதி. அதைக் கேட்டு வாங்குங்கள், பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

தனித்தனியாகத்தான் எடுத்தாகணும் என்றால் நடுவில் ஒரு ராத்திரி டெல்லியில் தங்குவதே நல்லது. ஒரே நாளில் மாறுவதானால் டெல்லியிலும் டெர்மினலைப் பாருங்கள். 2-க்கும் 3-க்கும் நடக்கலாம், 1 சில கிலோமீட்டர் தள்ளி. கல்ஃப் விமானத்தின் 30 கிலோ நினைப்பில் பெட்டி கட்டவும் கூடாது. சாதாரண உள்நாட்டு டிக்கெட்டுக்குப் பொதுவாக 15 கிலோ, கைப்பை 7 கிலோ. கூடுதல் எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் கவுண்டரில் கட்டுவதைவிடக் குறைவு. பவர் பேங்க் கைப்பையில்தான்.

தேதி குறிக்கும்போது நம்ம ஊர்க்காரருக்கு மறக்கக் கூடாத ஒன்று ஆறாட்டு, அதாவது சாமியைக் கடலில் நீராட்டும் நாள். பத்மநாபசுவாமி கோயில் உற்சவம் ஐப்பசியிலும் பங்குனியிலும் வரும். ஆறாட்டு நாளில் சாமி ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும். அன்று சாயங்காலம் சுமார் 5 மணி நேரம் விமானமே இறங்காது, ஏறாது. விமான நிலையம் வருவதற்கு முன்பே இருந்த வழி அது, இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள். இப்படி ஒன்றை வேறு எந்த ஊரிலும் காட்ட முடியாது, பார்க்கக் கொடுத்து வைத்திருக்கணும். ஆனால் அன்று சாயங்கால விமானம் உங்களுடையது என்றால் நேரம் மாறும், டெல்லி இணைப்பும் அதோடு ஆடும். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டே டிக்கெட் போடுங்கள்.

இறங்கிய பிறகு நாகர்கோவிலுக்கு சுமார் 70 கிலோமீட்டர். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை நெரிசலைச் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வண்டி என்றால் கேரளாவுக்குள் வர வரி கட்டியாச்சா என்று முந்தின நாளே கேளுங்கள். கார் வேண்டாம் என்றால் தம்பானூர் போய் ரயிலோ பஸ்ஸோ பிடிக்கலாம். ரயிலில் வருவதானால் ஒன்று: சில வண்டிகள் ஜங்ஷனுக்கு வராமல் நாகர்கோவில் டவுனில் நின்று திருநெல்வேலிக்குப் போய்விடும். கூட்டிப்போக வருகிறவரிடம் டவுனா ஜங்ஷனா என்று சொல்லிவிடுங்கள்.