ஜைரோ மாட்டிவிட்டு ‘செட்டிங் முடிந்தது’ என்று சொன்னால் நம்பாதீர்கள்

ஆர்சி (ரிமோட்டில் பறக்கவிடும் மாடல்) விமானத்தைச் சரிசெய்ய வெளியில் கொடுக்கப்போகும் நண்பர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

என் ஹை விங் ட்ரெய்னர் (இறக்கை மேலே இருக்கும் பயிற்சி விமானம்), த்ராட்டிலை, அதாவது மோட்டார் வேகத்தை, ஏற்றினால் இடப்பக்கம் இழுக்கும், மூக்கையும் தூக்கும். எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பை) லேசாகத் தொட்டாலே துள்ளும். ஒரு கடையில் கொடுத்தேன். சிஜி (விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளி), மோட்டார் கோணம் எல்லாம் சரிசெய்ததாக பில் போட்டு 4,000 ரூபாய் வாங்கினார்கள். ஒரு ஜைரோவும் (விமானம் ஆடினால் தானே திருத்தும் சின்னக் கருவி) மாட்டியிருந்தார்கள். “இனிமே கையை விட்டாலும் நேரா போகும் சார்” என்றார் கடைக்காரர்.

வேகம் இருந்தவரை அப்படித்தான் போனது. தரையிறக்க வேகத்தைக் குறைத்ததும் மூக்கு தானாக எழும்பியது, இடது இறக்கை சட்டென்று சரிந்தது, தலைகுப்புற விழுந்துவிட்டது.

பிரித்துப் பார்த்தால் வயிறு எரிந்தது. மோட்டார் மவுண்ட்டுக்குப் பின்னால், கோணத்தை மாற்ற வைக்கும் வாஷர் ஒன்றுகூட இல்லை. ஜைரோவுக்கு இடம் வேண்டி பேட்டரியைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். இறக்கையின் அகலம் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) 20 செ.மீ.; இந்த மாதிரி விமானம் முன்விளிம்பிலிருந்து 5, 6 செ.மீ.யில் சமநிலையில் நிற்க வேண்டும். இது 8 செ.மீ.யில் நின்றது. அதாவது வால் கனம், முன்பைவிட மோசமாக.

வால் கனத்தை ஜைரோ சரிசெய்யாது, நம் கண்ணிலிருந்து மறைக்கும். துள்ளலை அது நொடிக்கு நொடி அடக்கிக்கொண்டே இருப்பதால் நமக்குக் கோளாறு தெரியாது. வேகம் குறைந்தால் எலிவேட்டருக்கும் ஐலரானுக்கும் (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்பு) பிடிப்பு போய்விடும். போதாததற்கு, சரியும் இறக்கையைத் தூக்க ஜைரோ அந்தப் பக்க ஐலரானைக் கீழே இறக்கும். ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும்) நேரத்தில் அதுவே அந்த இறக்கையை இன்னும் ஆழமாக ஸ்டாலில் தள்ளும். இடப்பக்க இழுப்புக்கு மருந்து, மோட்டாரை வலப்பக்கம் 2, 3 டிகிரி திருப்புவது. மூக்கு தூக்குவதற்கு, முதலில் சிஜியைப் பார்த்துவிட்டு மோட்டாரைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ப்பது. சில வாஷர்களில் முடிகிற வேலை. அதைச் செய்யாமலே செய்ததாக பில் எழுதியிருக்கிறார்கள், அதுதான் ஆத்திரம்.

கேட்டதற்கு, “காத்து அடிச்சிருக்கும் சார்” என்று முடித்துவிட்டார்கள். பணம் திரும்பவில்லை.

நீங்கள் விமானத்தைத் திரும்ப வாங்கப் போகும்போது பேட்டரியோடு சேர்த்து உங்கள் முன்னால் சிஜி பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் கோணத்தை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் கண்ணால் பாருங்கள். ஜைரோவை ஆஃப் செய்து, உயரத்தில் த்ராட்டிலைக் குறைத்துப் பறக்கவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பணம் கொடுக்காதீர்கள்.